எந்தக் கட்டடத்தை முதலில் சரிசெய்வது? பள்ளி, மருத்துவமனை, பாலம்: நிலநடுக்க ஆபத்தை மதிப்பிட முழுமையான வழிகாட்டி

2005 அக்டோபர் 8, சனிக்கிழமை. காலை 8.50-க்குக் காஷ்மீரில் நிலம் ஆடியபோது பாகிஸ்தான் பக்கத்தில் பள்ளிகள் தொடங்கியிருந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். 2015 ஏப்ரல் 25, அதுவும் சனிக்கிழமைதான். நேபாளத்தில் சனி வார விடுமுறை. முற்பகல் 11.56-க்கு ஆட்டம் வந்தபோது பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன. உள்ளே பிள்ளைகள் இல்லை. அவர்களைக் காப்பாற்றியது விடுமுறை.

நிலநடுக்கம் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வந்தால் எந்தக் கட்டடம் முதலில் விழும் என்பதைப் பெரும்பாலும் இப்போதே சொல்லிவிடலாம். அதைச் சொல்வதற்கான வேலைதான் ஆபத்து மதிப்பீடு. பணம் குறைவாக உள்ள ஊர்களில் இதன் பயன் ஒன்றே ஒன்று: வரிசை போடுவது. கையில் இருப்பது ஒரு கட்டடத்துக்கான பணம்தான் என்றால் அது எந்தக் கட்டடம்? இந்தக் கேள்விக்கு விடை தராத அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் அலமாரிக்குத்தான் போகும்.

உள்ளாட்சிப் பொறியாளர், தலைமை ஆசிரியர், மருத்துவமனை நிர்வாகி, ஊர்க் குழு என யாரும் தொடங்கக்கூடிய வகையில் இதை எழுதுகிறேன். சில இடங்களில் கட்டுமானப் பொறியாளர் இல்லாமல் நகரவே கூடாது. அந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

படி 1: எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்?

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றல்ல. பள்ளி விஷயத்தில் முதல் கேள்வி, கட்டடம் விழாமல் நிற்குமா, பிள்ளைகள் உயிரோடு வெளியே வருவார்களா என்பது. ஆட்டத்துக்குப் பிறகு அதை இடித்துக் கட்ட நேர்ந்தாலும் பரவாயில்லை. மருத்துவமனை நின்றால் மட்டும் போதாது, அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். பாலமும் தண்ணீர்க் குழாயும் மற்ற எல்லாவற்றையும் இயங்க வைப்பவை. எந்தக் கட்டடத்திடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படி 2: அந்த இடம் எவ்வளவு ஆடும்?

நாட்டின் நிலநடுக்க மண்டல வரைபடத்தில் உங்கள் ஊர் எங்கே வருகிறது என்று பாருங்கள். கட்டட விதிகள் பலவற்றில் அடிப்படையாக வைப்பது, 50 ஆண்டுகளில் 10 சதவீதம் வாய்ப்புள்ள ஆட்டம். இதைத்தான் ‘475 ஆண்டுக்கு ஒருமுறை’ என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது ஏதோ யுகத்துக்கு ஒருமுறை நடப்பதாகத் தோன்றும். ஐம்பது ஆண்டு நிற்கப்போகிற பள்ளிக்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று சொல்லிப் பாருங்கள், ஊர்க் கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும்.

வரைபடத்தை நம்புங்கள், ஆனால் முழுதாக நம்பிவிடாதீர்கள். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி ஆடியபோது, வரைபடப்படி அது இந்தியாவிலேயே ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2002 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் சான் ஜூலியானோ தி புலியாவில் ஒரு பள்ளி இடிந்து 27 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் மாண்டார்கள். அந்த ஊர் அப்போது நிலநடுக்கப் பகுதியாக வகைப்படுத்தப்படவே இல்லை. வரைபடத்தில் ஆபத்துக் குறைவைக் காட்டும் வெளிர் நிறம் என்பதற்காக ஒரு மோசமான கட்டடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

அப்புறம் மண். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தை நொறுக்கிய நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கடலோரத்தில் இருந்தது. நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல் நிற்கிறது. தூரத்திலிருந்து வந்த அதிர்வை அந்தக் களிமண் பல மடங்கு பெருக்கி, சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆட வைத்தது. அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. அவற்றில் மருத்துவமனைக் கட்டடங்களும் இருந்தன.

ஆகவே கட்டடம் நிற்பது பாறையிலா, களிமண்ணிலா, மூடிய குளத்திலா, கொட்டி நிரப்பிய மண்ணிலா என்று விசாரியுங்கள். பொதுக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத நிலம்தான் ஒதுக்கப்படும். அதில் பள்ளமும் பழைய நீர்நிலையும் நிறைய. ஊரில் வயதானவர்களைக் கேட்டால் அங்கே முன்பு என்ன இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஆற்றோரத் தளர் மணலும் மேலாக நிலத்தடி நீரும் சேர்ந்த இடம் என்றால், ஆட்டத்தில் மண் குழம்பாகிக் கட்டடம் சாயும் வாய்ப்பு உண்டு. மலையடிவாரம் என்றால் சரிவைப் பாருங்கள். கட்டடம் தாங்கினாலும் மேலிருந்து மலை வரலாம்.

படி 3: பட்டியல்

பள்ளி, விடுதி, மருத்துவமனை, சுகாதார நிலையம், பாலம், நீர்த்தொட்டி, துணை மின்நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். கட்டிய ஆண்டு, மாடிகள், சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, கட்டட வரைபடம் இருக்கிறதா, பிறகு என்னென்ன சேர்த்தார்கள் என்று எழுதுங்கள். கட்டிய ஆண்டு முக்கியம். அது உங்கள் நாட்டில் நிலநடுக்க விதி வருவதற்கு முன்பா பின்பா என்பதில் பாதிக் கதை இருக்கிறது.

ஏழை ஊர்களில் வரைபடம் இருக்காது. கட்டிய கொத்தனார் இருப்பார், அல்லது அவர் மகன் இருப்பார். “மேல்மாடியை எந்த வருடம் ஏற்றினீர்கள்? கீழே தூணை அதற்கு முன் பலப்படுத்தினீர்களா?” என்று குற்றம் சாட்டாத குரலில் கேளுங்கள். சான் ஜூலியானோ பள்ளியிலும் பழைய சுவர்களின்மேல் பின்னாளில் கனமான மாடி ஏற்றியிருந்தார்கள்.

எத்தனை பேர், எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். ஒரு பள்ளி நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் இயங்கினால் அது 1,600 மணி நேரம், அதாவது ஆண்டின் 18 சதவீதம். மருத்துவமனை 100 சதவீதம். இந்தக் கணக்கை வைத்துப் பள்ளியைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது நாம். வெள்ளமோ புயலோ வந்தால் ஊரே இரவு தங்குவதும் பல இடங்களில் அதே கட்டடத்தில்தான். கூடவே எழுந்து ஓட முடியாதவர்களைத் தனியாக எண்ணுங்கள்: படுக்கை நோயாளிகள், பச்சிளம் குழந்தைகள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்.

படி 4: கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்த்தல்

மதிப்பீட்டின் உயிர் இதில்தான். கருவி பெரிதாக வேண்டாம். அளவு நாடா, டார்ச், கேமரா, தாள் போதும். கண்ணால் பார்த்தே மதிப்பெண் போடும் முறைகளில் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை நிறுவனமான ஃபீமாவின் 154-ஆம் கையேடு பலருக்கும் தெரிந்தது; 1988-இல் முதலில் வந்தது. கட்டட வகைக்கு ஓர் அடிப்படை மதிப்பெண், குறைகளுக்குக் கழித்தல், கடைசியில் ஓர் எண். வழக்கமாக 2-க்குக் கீழே போனால் விரிவான ஆய்வு தேவை. 2 என்றால், கணக்கில் கொள்ளும் பெரிய ஆட்டம் வந்தால் இடிய நூறில் ஒரு வாய்ப்பு என்று பொருள். பல நாடுகள் இதைத் தங்கள் கட்டட வகைகளுக்கேற்ப மாற்றி வைத்திருக்கின்றன. உங்கள் நாட்டுப் படிவம் இருந்தால் அதையே எடுங்கள்.

சுவரே பாரம் தாங்கும் கட்டடம் என்றால் முதலில் சுவரின் குறுக்கே பாருங்கள். உள்பக்கம் ஒரு கல்வரிசை, வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவே சல்லி என்று கட்டிய கல்சுவர் ஆட்டத்தில் இரண்டாகப் பிரிந்து விழும். இரண்டையும் இணைக்க ஊடுகல் வைத்திருக்கிறார்களா? லாத்தூர்ப் பகுதியில் அத்தனை பேரைக் கொன்றது பெரும்பாலும் மண்சாந்தில் கட்டிய இப்படிப்பட்ட தடித்த கல்சுவரும் அதன்மேல் இருந்த கனமான மண்கூரையும்தான். அடுத்து லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் குறுக்கு விட்டம்) மட்டத்தில் கட்டடம் முழுக்கச் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் இருந்தால் அது பெல்ட் ஆகாது. சுற்றிக் கட்டிய பெல்ட் இருந்தால் நான்கு சுவரும் ஒரு பெட்டிபோலச் சேர்ந்து ஆடும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாகச் சாயும். மூலைகளில் மேலிருந்து கீழ் ஓடும் விரிசல் தெரிந்தால், பெட்டி ஏற்கெனவே திறந்துகொண்டிருக்கிறது.

கான்கிரீட் தூண் கட்டடத்தில் மூன்று குறைகளை விடாமல் தேடுங்கள். ஒன்று, கீழ்த்தளம் திறந்தவெளி. வாகனம் நிறுத்தவோ கூட்டம் நடத்தவோ கீழே சுவரில்லாமல் விட்டு, மேல் மாடிகளை முழுக்கச் சுவரால் அடைத்திருப்பார்கள். ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விடியும். இரண்டு, குட்டைத் தூண். பள்ளிகளில் இது மிக அதிகம். வராந்தா பக்கம் இரண்டு தூண்களுக்கு நடுவே இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே நீளமாக ஜன்னல் வைப்பார்கள். வெளிச்சத்துக்கு நல்லதுதான். ஆனால் சுவர் தூணைப் பாதி உயரம்வரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, ஆடுவதற்கு மேல்பாதி மட்டும்தான் மிச்சம். அந்தக் குட்டைப் பகுதி முழுத் தூணைவிட மிக விறைப்பானது என்பதால் விசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எக்ஸ் வடிவில் வெடிக்கும். தூணுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தாலே இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

மூன்றாவதைப் பார்க்கக் குனிய வேண்டும். ஒரு பள்ளியில் கழிப்பறை ஓரத் தூணில் ஈரம் ஏறிக் காரை பெயர்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நீளக் கம்பிகள் நான்கு, துருப்பிடித்துப் பருத்திருந்தன. அவற்றைச் சுற்றிய ரிங் கம்பிக்கும் அடுத்த ரிங்குக்கும் நடுவே என் கை விரித்தால் ஒரு சாண். ரிங்கின் முனை செங்கோணமாக மடங்கி, கான்கிரீட்டின் மேற்பரப்பை ஒட்டியே நின்றது. தூணின் மேல்முனையிலும் அடிமுனையிலும் ரிங்குகள் சுமார் 10 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக வர வேண்டும். முனை 135 பாகை வளைந்து தூணின் உள்ளே புதைய வேண்டும். ஏன் என்றால், ஆட்டத்தில் வெளிக் காரை உதிர்ந்ததும் செங்கோண முனை விரிந்துவிடும். ரிங் விரிந்தால் நீளக் கம்பி வெளியே பிதுங்கும், உள்ளே இருக்கும் கான்கிரீட் கொட்டிவிடும், தூண் உட்கார்ந்துவிடும். நான் பார்த்த தூணின்மேல் இரண்டு வகுப்பறைகள் இருந்தன. இப்படி ஒரு பெயர்ந்த மூலை கிடைத்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாகச் சுத்தியலால் தட்டிப் பார்க்கக் கூடாது. கம்பியைக் கண்டறியும் கருவியும் கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்கும் கருவியும் உண்டு, அதைப் பொறியாளர் செய்யட்டும். குறிப்பாக ‘இந்தக் கட்டடம் பாதுகாப்பானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் உரிமை கட்டுமானப் பொறியாளருக்கு மட்டுமே. உங்கள் தாள் சந்தேகத்தை எழுப்பலாம், நற்சான்று கொடுக்கக் கூடாது.

கிளம்பும் முன் மேலே ஒரு பார்வை: மொட்டைமாடி நீர்த்தொட்டி, தளர்ந்த கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, ஓடு. வாசலுக்கு நேர் மேலே எது தொங்கினாலும் எழுதுங்கள். பிள்ளைகள் ஓடிவருவது அந்த வழியாகத்தான்.

படி 5: சுவர் நின்றும் சேவை நின்றுபோவது

1971-இல் கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ மருத்துவமனை புதிதாகத் திறந்த நிலையிலேயே பலத்த சேதமடைந்தது. அதிலிருந்து பாடம் கற்று 1973-இல் மருத்துவமனைகளுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதே இடத்தில் மிக வலுவாகக் கட்டினார்கள். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அந்தப் புதுக் கட்டடம் அசையாமல் நின்றது. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய்கள் உடைந்து தளங்களில் நீர் பாய்ந்தது. நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அதனால் மருத்துவமனையில் தூணைப் பார்க்கும் அதே அக்கறையோடு ஜெனரேட்டர் அறைக்குள் போங்கள். ஜெனரேட்டர் தரையோடு போல்ட் போட்டிருக்கிறதா? அதிர்வு தெரியாமலிருக்க ஸ்பிரிங்மேல் வைத்திருந்தால், பக்கவாட்டில் நகராமல் தடுப்பு இருக்கிறதா? அதை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி வெறும் பலகைமேல் நிற்கிறதா? ஒரு பேட்டரி கீழே விழுந்தால் முழு ஜெனரேட்டரும் பிணம்தான். டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது? ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குச் சங்கிலி மேலும் கீழும் இரண்டு இடத்தில் இருக்கிறதா, ஒரே இடத்தில்தானா? மருந்து அலமாரி சுவரோடு பிணைத்திருக்கிறதா? படுக்கையின் தலைமாட்டுக்கு மேலே என்ன தொங்குகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடு இதற்கென்றே இருக்கிறது. 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 151 அம்சங்கள். கடைசியில் கட்டடம் ஏ, பி, சி என்று மூன்றில் ஒன்றில் விழும். சி என்றால் பேரிடரில் நோயாளிகளின் உயிரைக் காக்கும் நிலையில் இல்லை, உடனே நடவடிக்கை வேண்டும் என்று பொருள். சிறிய சுகாதார நிலையத்துக்கு 151-ஐயும் நிரப்பத் தேவையில்லை. மேலே சொன்ன ஜெனரேட்டர், தண்ணீர், ஆக்சிஜன், மருந்து நான்கையும் சரியாகப் பார்த்தாலே பெரும்பகுதி வந்துவிடும்.

பள்ளியில் இந்தப் படி சுருக்கமானது: புத்தக அலமாரி, மின்விசிறி, ஆய்வகப் பாட்டில்கள், உள்பக்கமாகத் திறக்கும் கதவு, பூட்டியே கிடக்கும் இரண்டாவது படிக்கட்டு.

படி 6: பாலம், தண்ணீர், மின்சாரம்

இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிடச் சங்கிலியாகப் பார்ப்பது நல்லது. ஒரு பெரிய தாளின் நடுவில் மருத்துவமனையை வரையுங்கள். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து? மேல்நிலைத் தொட்டியிலிருந்து. தொட்டிக்கு? பம்பிலிருந்து. பம்புக்கு? துணை மின்நிலையத்திலிருந்து. டீசல் வரும் லாரி எந்தப் பாலத்தின்மேல் வரும்? அரை மணி நேரத்தில் ஊரின் பலவீனமான கண்ணி எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பல பாதைகள் ஒரே பாலத்தில் வந்து சேர்ந்தால் அதற்குச் சிவப்பு வட்டம்.

பாலத்தில் தளம் உட்கார்ந்திருக்கும் தாங்கியைப் பாருங்கள். தூணின் தலையில் தளத்துக்கு உள்ள இருக்கை குறுகலாக இருந்தால், ஆட்டத்தில் தளம் நழுவிக் கீழே விழும். நீர்த்தொட்டி என்றால், நிரம்பிய தொட்டி தலைகனத்த பொருள் என்பதை மறக்க வேண்டாம். கால்களின் அடியில் விரிசலும் துருவும் தேடுங்கள். குழாயில் பழைய வார்ப்பிரும்பும் இறுக்கமான இணைப்புகளும் முதலில் உடையும். 1906 சான் பிரான்சிஸ்கோவிலும் 1995 கோபேயிலும் குழாய்கள் உடைந்து தீயை அணைக்கத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. மின்நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தண்டவாளத்தின்மேல் சும்மா நின்றால், அதை அடித்தளத்தோடு இறுக்குவது மிகக் குறைந்த செலவில் பெரிய பலன் தரும் வேலை.

படி 7: வரிசை

ஒவ்வொரு தாளுக்கும் நான்கு எண்கள், 1 முதல் 5 வரை: இடத்தின் ஆட்டம், கட்டடத்தின் பலவீனம், உள்ளே இருப்பவர்கள், மறுநாள் அதன் தேவை. கடைசி இரண்டையும் கூட்டி, முதல் இரண்டால் பெருக்குங்கள். நான் பயன்படுத்தும் எளிய கணக்கு இது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கல்சுவர்ப் பள்ளி: 3 × 5 × (4 + 2) = 90. களிமண்மேல் நிற்கும் மருத்துவமனை: 4 × 3 × (3 + 5) = 96. ஒற்றைப் பாலம்: 3 × 4 × (1 + 5) = 72. புதிய சுகாதார நிலையம்: 3 × 2 × (2 + 4) = 36.

96 பெரிது, 90 சிறிது என்று இங்கே சண்டை போடக் கூடாது. கண்ணால் பார்த்துப் போட்ட எண்ணில் அவ்வளவு துல்லியம் கிடையாது. இரண்டும் ஒரே கட்டுதான். 36-தான் உண்மையிலேயே காத்திருக்கலாம். ஒரே கட்டில் உள்ளவற்றுக்குள் எது முதலில் என்பதைச் செலவை வைத்து முடிவு செய்யுங்கள். மருத்துவமனையின் ஜெனரேட்டருக்கும் சிலிண்டருக்கும் ஒரு வார வேலை, அதை உடனே முடியுங்கள். பெரிய தொகை பள்ளிக்குப் போகட்டும், ஏனென்றால் கல்சுவர் விழும்போது எச்சரிக்கையும் அவகாசமும் கொடுக்காது. மருத்துவமனையின் தூண்களுக்கு இதற்கிடையே பொறியாளரின் விரிவான ஆய்வு நடக்கட்டும்.

படி 8: ஊருக்குச் சொல்வது, அடுத்து செய்வது

பள்ளி ஆபத்தானது என்று சொன்னவுடன் ஊருக்கு வரும் முதல் பயம் நிலநடுக்கம் பற்றியது அல்ல. பள்ளியை மூடிவிடுவார்களோ என்பது. அது நியாயமான பயம். பள்ளி தூரமானால் படிப்பை முதலில் நிறுத்துவது பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான். மருத்துவமனையை மூடினால் பிரசவத்துக்கு எங்கே போவது? எனவே மாற்று ஏற்பாடு கையில் இல்லாமல் ‘ஆபத்து’ என்ற முத்திரையோடு மட்டும் கூட்டத்துக்குப் போகாதீர்கள். இந்த வாரம் செய்ய முடிந்தது, இந்த ஆண்டு செய்ய முடிந்தது, நிதி கேட்க வேண்டியது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கோ வலுவான தொகுதிக்கோ மாற்றுவது, அலமாரிகளைப் பிணைப்பது, இரண்டாவது வழியின் பூட்டை எடுப்பது, கைப்பிடிச் சுவரை இறக்குவது எல்லாம் முதல் வார வேலைகள்.

பலப்படுத்துவது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நேபாளத்தைக் காட்டுங்கள். அங்கே 1990-களின் பிற்பகுதியிலிருந்தே பள்ளிகளைப் பலப்படுத்தும் திட்டம் நடந்துவந்தது. சுவரின் மேல் கம்பிவலைப் பட்டைகள் பதித்துச் சிமெண்ட் பூசி, பெட்டிபோல இறுக்கினார்கள். அந்த ஊர்க் கொத்தனார்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 2015-இல் அப்படிப் பலப்படுத்திய பள்ளிகள் நின்றன. குஜராத்தின் பூஜ் நகரில் 2001 ஜனவரி 26 அன்று மாவட்ட மருத்துவமனை இடிந்து நோயாளிகளும் ஊழியர்களும் மாண்ட பிறகு, புதிய மருத்துவமனையை ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின் மேல் கட்டினார்கள். நிலம் ஆடும்போது கட்டடத்துக்கு ஏறும் ஆட்டத்தை அவை பெருமளவு குறைக்கும்.

தாள்களை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை அந்தக் கட்டடத்திலும் ஒன்றை உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒன்றை ஊர்க் குழுவிடமும் வையுங்கள். மொட்டைமாடியில் புதிதாக ஒரு தொட்டி வைத்தாலோ, கீழ்த்தளச் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கினாலோ, ஒரு மாடி ஏற்றினாலோ, அன்றே அந்தத் தாளை எடுத்துப் பலவீனத்துக்குப் போட்ட எண்ணை அடித்துவிட்டு மறுபடி நடந்து பாருங்கள்.